ஒரு நாளை இழக்கத் தயாரா? குழந்தையோடு பனிச்சறுக்குப் பயணம்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நவம்பர் மாதக் கூட்டத்துக்குப் பிறகு, சமூகக் கூடத்தில் பி பிளாக்கைச் சேர்ந்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்புக் கணக்கும் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே முதல் நன்றி. பின்வரிசையில் சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் நாலைந்து பேருக்குத்தான் இந்தப் பேச்சு முக்கியமாகத் தேவைப்படும். மற்றவர்கள் பேரன் பேத்திகளுக்காகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். "பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் குல்மர்க் போகலாம் என்று இருக்கிறோம். பனிச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசை. பையனுக்கு ஐந்து வயது. கூட்டிப் போகலாமா?" அரை மணி நேரத்தில் ஏகப்பட்ட பதில்கள். பாதிப் பேர், "தாராளமாகப் போங்கள், குழந்தைகள்தான் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்" என்றார்கள். மீதிப் பேர், "ஐந்து வயதுப் பிள்ளையை அந்தக் குளிரிலா?" என்றார்கள். நானும் எழுத ஆரம்பித்து, அழித்துவிட்டேன். என் பதில் இரண்டு வரியில் அடங்காது. அதைச் செயலாளரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்.

நான் மருத்துவர் இல்லை. பனிச்சறுக்கு வீராங்கனையும் இல்லை. இரண்டு முறை குழந்தைகளோடு குல்மர்க் போய் வந்த ஒரு அம்மா. முதல் முறை தப்புச் செய்தேன். இரண்டாவது முறை ஓரளவு சரியாகச் செய்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதல் பயணத்தின்போது என் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. நான்கு இரவு, ஐந்து பகல். சென்னையில் அதிகாலை விமானம் ஏறி, டெல்லியில் மாறி, ஸ்ரீநகரில் பிற்பகல் இறங்கினோம். அன்றே வண்டி பிடித்து நேராக குல்மர்க் ஏறிவிட்டோம். ஒரு நாளை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று எங்களுக்குப் பெருமை. அன்று இரவு பையன் சாப்பிடவில்லை. "தலை கனமா இருக்கும்மா" என்றான். ஒரு தடவை வாந்தி எடுத்தான். மலைப் பாதையில் வளைந்து வளைந்து வந்ததால் இருக்கும் என்று நினைத்தோம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் சிணுங்கினான்.

மறுநாள் காலை ஸ்கீ வகுப்பு. இரண்டு பேருக்கும் பணம் கட்டியாகிவிட்டது. அவன் "வேண்டாம்" என்றான். "அரை மணி நேரம் மட்டும் கண்ணா, பிடிக்கலேன்னா வந்துடலாம்" என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். என் கணவர் வற்புறுத்தினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் வற்புறுத்தியது நான்தான். இருபது நிமிடத்தில் அவன் பனியில் உட்கார்ந்துவிட்டான். அழக்கூட இல்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தான். பயிற்சியாளர் அவன் கிளவுஸைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே நனைந்திருந்தது, விரல் நுனி வெளுத்திருந்தது. அவர் தன் சட்டைக்குள் அந்தக் கையை வைத்துச் சூடேற்றிக்கொண்டே இந்தியில் என்னிடம் சொன்னார்: "இவனைக் கீழே கூட்டிப் போங்கள் அம்மா. மலை எங்கேயும் போகாது."

அன்று மதியமே நால்வரும் ஸ்ரீநகருக்கு இறங்கினோம். குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரம், ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். ஆயிரம் மீட்டர் இறங்கியதும் பையன் தெளிந்துவிட்டான். ராத்திரி தயிர்சாதம் கேட்டான். ஆனால் வண்டியில் என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. படுக்கப் போகும்போது மட்டும் கேட்டாள்: "அம்மா, நாளைக்கு நான் மட்டும் திரும்பப் போய் கத்துக்கலாமா?" முடியவில்லை. இரவில் அவனுக்கு மறுபடி ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற பயத்தில் எங்கள் இருவருக்குமே பிரிந்து இருக்க தைரியம் இல்லை. மறுநாள் அவனை டாக்டரிடம் காட்டினோம். அதன் பிறகு விமானம். திட்டத்தில் ஒரு மணி நேரம்கூடக் கூடுதலாக இல்லை. ஒரு பிள்ளைக்கு உடம்பு பட்டது, இன்னொரு பிள்ளைக்கு மனசு பட்டது.

திரும்பி வந்ததும் எல்லோரும், "சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போனதுதான் தப்பு" என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து யோசித்தபோது தெரிந்தது, தப்பு அவன் வயதில் இல்லை. நாங்கள் போட்ட நாள் கணக்கில் இருந்தது.

உங்கள் கணக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். நான்கு இரவு என்றால், முதல் நாள் பயணம். கடைசி நாள் பயணம். அதற்கு முந்தைய நாள் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். மிச்சம் இரண்டு நாள். டிசம்பர், ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. ஸ்ரீநகரில் பனி கொட்டினால் விமானம் தாமதம், சில சமயம் ரத்து. தங்மர்க்கிலிருந்து குல்மர்க் ஏறும் 13 கிலோமீட்டர் பாதையில் பனி விழுந்துவிட்டால், சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் ஏறும். இவற்றில் ஒன்று நடந்தாலும் ஒரு நாள் போய்விடும். ஒன்றுமே நடக்காவிட்டாலும், முதல் தடவை ஸ்கீ கட்டும் குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆக, இவ்வளவு செலவும் அலைச்சலும் குழந்தையின் நான்கு மணி நேரப் பனிச்சறுக்குக்காக. அந்த நான்கு மணி நேரத்தை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்ற வெறி நமக்குள் வந்துவிடுகிறது. "தலை வலிக்குது", "கை விறைக்குது", "வேண்டாம்" என்று குழந்தை சொல்லும்போது அது நம் காதில் விழாமல் போவது அதனால்தான்.

அதனால் "கூட்டிப் போகலாமா?" என்று கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: உங்கள் திட்டத்தில் ஒரு நாளை முழுசாக இழக்க முடியுமா? நேரத்தாலும் பணத்தாலும் மனசாலும் முடியும் என்றால், ஐந்து வயதுப் பிள்ளையைத் தைரியமாகக் கூட்டிப் போங்கள். முடியாது என்றால், பத்து வயதுப் பிள்ளையையும் இந்த வருடம் கூட்டிப் போகாதீர்கள்.

அந்த ஒரு நாள் எதற்கெல்லாம் தேவைப்படும் என்று சொல்கிறேன்.

முதலாவது, உயரம். நாம் கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் உயர நோய் வரலாம். பெரியவர்கள் தலைவலி, குமட்டல் என்று சொல்லிவிடுவார்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிடாது, தூங்காது, காரணமில்லாமல் அழும், விளையாட வராது. அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் இரவு ஸ்ரீநகரில் தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள். ஏறிய அன்று ஸ்கீ வேண்டாம், பனியில் விளையாடட்டும். அறிகுறி தெரிந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். அதிகமானால் இரவோ பகலோ கீழே இறங்கிவிடுங்கள். இறங்குவதுதான் முதல் வைத்தியம். மருந்து விஷயத்தைக் கிளம்பும் முன்பே உங்கள் குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

இதோடு சேர்த்து கொண்டோலாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் முதல் கட்டம் 3,000 மீட்டரைத் தாண்டிய கோங்டூரியில் இறக்கிவிடும். இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டருக்கு, அஃபர்வத் மலைக்குப் போகும். ஸ்கீ கற்கும் குழந்தைக்கு இரண்டுமே தேவையில்லை. சின்னச் சின்னச் சரிவுகள் கீழே புல்வெளியிலேயே இருக்கின்றன. குறுகிய பயணத்தில் சின்னப் பிள்ளையை இரண்டாம் கட்டத்துக்கு நான் கூட்டிப் போக மாட்டேன். 2023 பிப்ரவரியிலும் 2024 பிப்ரவரியிலும் பனிச்சரிவில் வெளிநாட்டுப் பனிச்சறுக்குக்காரர்கள் இறந்ததும் அந்த உயரப் பகுதிகளில், வழக்கமான தடங்களுக்கு வெளியேதான்.

இரண்டாவது, குளிர். நம் ஊரில் 20 டிகிரி ஆனாலே ஸ்வெட்டரைத் தேடுவோம். ஜனவரியில் குல்மர்க் இரவுகள் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி போகும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். முதல் பயணத்தில் நான் செய்த பெரிய தப்பு பருத்தி. பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ், கம்பளி நூலில் பின்னிய கிளவுஸ். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே தெர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும், இந்த மூன்றடுக்கு போதும். கைக்கு, விரல்கள் எல்லாம் ஒன்றாக இருக்கும் தண்ணீர் புகாத மிட்டன்தான் நல்லது. அதிலும் இரண்டு ஜோடி வையுங்கள். சாக்ஸ் மட்டும் ஒன்றே ஒன்று. இரண்டு போட்டால் பூட்ஸ் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் விறைக்கும். அரை மணிக்கு ஒரு முறை கிளவுஸைக் கழற்றி விரலைப் பாருங்கள். "குளிருதா?" என்று கேட்டால் பிள்ளைகள் விளையாட்டு ஜோரில் "இல்லை" என்றுதான் சொல்லும்.

மூன்றாவது, வெயில். பனி மலையில் வெயிலா என்று சிரிக்காதீர்கள். உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கூடும். புதுப் பனி அதில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். சன்ஸ்கிரீனும் கண்ணை முழுக்க மூடும் காகிள்ஸும் கட்டாயம்.

நான்காவது, அறைக்குள் இருக்கும் ஆபத்து. விறகு புகாரி, கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதுவானாலும் ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. படுக்கும் முன் அணைத்துவிட்டு, கனமான ரஜாய் கேளுங்கள். அறை பதிவு செய்யும்போதே மின்சாரக் கம்பளி இருக்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, பனியே இல்லாமல் போவது. 2024 ஜனவரியில் மாதக் கடைசி வரைக்கும் குல்மர்க்கில் சறுக்கும் அளவுக்குப் பனி இல்லை. பொங்கலுக்குப் போனவர்கள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. "உனக்கு ஸ்கீ கத்துத் தரப்போறோம்" என்று பிள்ளையிடம் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "பனி இருந்தா பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

பாதுகாப்பு பற்றியும் கேட்கிறீர்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. கிளம்பும் வாரத்தில் அரசு அறிவிப்பைப் பாருங்கள், மனசு ஒப்பவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டும் அறையும் கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் அந்தக் கூடுதல் பணம்தான் "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தைத் தரும். இன்னொன்று, நம் ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும். ராத்திரி டாக்டரைக் கூப்பிட வேண்டி வந்தால்தான் அதன் அருமை தெரியும்.

சரி, பிள்ளை தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயதை மட்டும் பார்க்காதீர்கள். பல நாடுகளில் மூன்று, நான்கு வயதிலேயே பனிச்சறுக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் பனியிலேயே வளரும் பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு நான் பார்ப்பது மூன்று விஷயம். அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல், புது ஆள் சொல்வதைக் கேட்டு ஒரு மணி நேரம் இருக்குமா? பாத்ரூம் வருகிறது, குளிருகிறது, வலிக்கிறது என்று நேரத்தோடு வாய் திறந்து சொல்லுமா? கீழே விழுந்தால் தானே எழுந்து மறுபடி முயற்சி செய்யுமா? நம் வளாகத்தில் ஸ்கேட்டிங் ஓட்டுவதைப் பார்த்தாலே கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வீசிங், இதயக் கோளாறு, சமீபத்தில் காது வலி, சளி இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் உங்கள் ஜாக்கெட்டின் உள் பையில் வையுங்கள். வெளிப் பையில் வைத்தால் இன்ஹேலர் குளிர்ந்துபோய்ச் சரியாக வேலை செய்யாது.

வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விஷயம். குழந்தை அளவு ஹெல்மெட்டும் பூட்ஸும் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். பூட்ஸ் போட்டு நேராக நின்றால் கால்விரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். விழும்போது ஸ்கீ காலிலிருந்து தானாகக் கழன்றுகொள்ளும் பூட்டை குழந்தையின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். எடையே கேட்காமல் மாட்டிவிட்டால், நீங்களாகச் சொல்லுங்கள்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை பிப்ரவரி, ஏழு இரவு. பள்ளியில் நான்கு நாள் லீவு கேட்டதற்கு முகம் சுளித்தார்கள், பரவாயில்லை. பையனுக்கு ஏழு வயது. முதல் இரண்டு இரவும் ஸ்ரீநகரில். மேலே போன அன்று இரண்டு பேரும் பனியில் உருண்டார்கள். மறுநாள் விடிந்தால் காற்றும் பனியும், வெளியே தலை காட்ட முடியவில்லை. நாள் முழுக்க அறையில் சீட்டு விளையாடி, கஹ்வா குடித்தோம். யாருக்கும் கோபம் வரவில்லை, அந்த நாளைத்தான் முன்பே எழுதிக் கழித்து வைத்திருந்தோமே.

அதற்கு மறுநாள் வகுப்பு. மகள் முதல் நாளே போய் நின்றுவிட்டாள். பையன், "நான் பார்க்க மட்டும் வரேன்" என்றான். சரி என்றேன். இந்த முறை என் வாயிலிருந்து "அரை மணி நேரம் மட்டும்" வரவில்லை. கணவர் மகளோடு, நான் மகனோடு என்று முன்பே பிரித்துக்கொண்டிருந்தோம். ஒருவன் திரும்ப வேண்டும் என்றால் இன்னொருத்தி திரும்ப வேண்டியதில்லை. அவன் ஒரு மணி நேரம் அக்கா விழுவதையும் எழுவதையும் பார்த்தான். பிறகு, "எனக்கும் மாட்டிவிடும்மா" என்றான். ஸ்கீயின் முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை பீட்சா துண்டு மாதிரி அகட்டி நிற்கக் கற்றுக்கொள்ள அவனுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் ஒரு சின்னச் சரிவில், ஒரு ஐம்பது அடி தூரம் இருக்கும், வந்து என் முன்னால் நின்றான். அவ்வளவுதான் அவன் சாதனை. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்விகள் கேட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

"மூன்று வயதுக் குழந்தை இருக்கிறதே அக்கா, பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகலாமா?" போகலாம். பாட்டிக்கு உடம்பும் மனசும் ஒத்துழைத்தால், பெரிய பிள்ளையோடு மட்டும் போய் வருவதில் தப்பே இல்லை. சின்னவனை விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்ச்சிக்காகக் கூட்டிப் போவதைவிட அது நல்லது. ஆனால் பாட்டியிடம் முதலில் கேளுங்கள், டிக்கெட் போட்ட பிறகு சொல்லாதீர்கள்.

"எங்களால் நான்கு நாள்தான் முடியும், வருடம் முழுக்க லீவு கிடைக்காது." அப்படியானால் ஸ்கீயைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஸ்ரீநகரில் தங்கி, உடம்பு சரியாக இருந்தால் ஒரு பகல் மட்டும் குல்மர்க் போய்ப் பனியைத் தொட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைக்கு அதுவே திருவிழா. பனிச்சறுக்கு அடுத்த வருடம் ஆகட்டும்.

கடைசியாக சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் குளிர் உடை ஒரு பயணத்துக்குத்தான் அளவாக இருக்கும். என் வீட்டுப் பரணில் ஐந்து வயது, ஏழு வயது அளவில் ஜாக்கெட், தண்ணீர் புகாத பேன்ட், மிட்டன், காகிள்ஸ் எல்லாம் தூங்குகின்றன. உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும். சங்க அலுவலகத்தில் ஒரு அலமாரி ஒதுக்கினால், ஒரு நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய், துவைத்துத் திருப்பித் தரலாம். என் பங்கை நாளைக்கே கொண்டுவந்து வைக்கிறேன். எடுத்துப் போகிறவர்கள், போய் வந்த பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சறுக்கினார்களா, பாதியில் இறங்கி வந்தார்களா என்று. பாதியில் இறங்கி வந்தவர்களுக்கு என் வீட்டில் காபி உண்டு.